இசைத்தட்டு சரியாகப் பாடவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

டர்பனிலும் ஜொகானஸ்பர்கிலும் பழைய இசைத்தட்டுகள் மறுபடி அலமாரியை விட்டு வெளியே வருகின்றன. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியா வீடுகளில் தாத்தாவும் ஆயாவும் சேர்த்துவைத்த தமிழ்த் தட்டுகளுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. 1990களில்தான் அந்தத் தடை விலகியது. அந்தக் காலத்திலும் எப்படியோ இங்கே வந்து சேர்ந்த தட்டை நாமே கெடுத்துவிட்டால் இன்னொரு பிரதி கிடைப்பது அரிது. அதனால் இந்தக் குறிப்பில் ஒரே ஒழுங்கு: தட்டுக்குத் தீங்கு செய்யாத சோதனைகள் முதலில், ஊசி பள்ளத்தைத் தொடும் வேலைகள் பிறகு.

ஊசி வைக்கும் முன்: இது எந்தத் தட்டு?

கையில் கனமாக இருந்து, நகத்தால் தட்டினால் ஓடு போலக் கணீரென்று ஒலித்தால் அது பெரும்பாலும் 78 வேக (நிமிடத்துக்கு 78 சுற்று) ஷெல்லாக், அதாவது அரக்குத் தட்டு. லேபிளில் 78 என்று போட்டிருக்கும். ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்தியாவில் 1960களிலும் 78 வேகத் தட்டுகள் அச்சாகின. ஆகவே உங்கள் வீட்டுச் சினிமாப் பாட்டுத் தட்டு ஷெல்லாக்காகவே இருக்கக்கூடும்.

ஷெல்லாக் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு 3 மில், அதாவது சுமார் 75 மைக்ரான் முனை வேண்டும். எல்.பி.க்கு, அதாவது 33⅓ வேக வினைல் தட்டுக்கு, உரிய உருண்டை ஊசியின் முனை 0.7 மில்தான், சுமார் 18 மைக்ரான். சிறிய ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசி இரைச்சலை மட்டும் எடுத்துத் தரும். பெரிய ஊசியை எல்.பி.யில் வைத்தால் பள்ளத்தின் மேல் விளிம்பையே நசுக்கிவிடும். அந்தச் சேதம் திரும்பாது. ஆடியோ-டெக்னிகா வி.எம்.95 வரிசை காட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) வைத்திருப்பவர்களுக்கு வழி சுலபம். உடல் அப்படியே இருக்க, ஊசியை மட்டும் கழற்றி 78-க்கான எஸ்.பி. ஊசியை மாட்டலாம். ஆனால் அதற்கு அழுத்தம் 5 கிராம். எல்.பி. ஊசியை மறுபடி மாட்டும்போது எடையை 2 கிராமுக்கு இறக்க மறக்கக் கூடாது.

இன்னொன்று: ஷெல்லாக் ஆல்கஹாலில் கரையும். கடையில் வாங்கிய ரெக்கார்ட் கிளீனரில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்க்காமல் 78 மேல் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள்.

தட்டா, கருவியா? முதலில் பிரித்துவிடுங்கள்

பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். நன்றாகப் பாடும் என்று தெரிந்த இன்னொரு தட்டைப் போடுங்கள். கோளாறு கூடவே வந்தால் கருவி, வராவிட்டால் தட்டு.

அடுத்து, கோளாறு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் இடைவெளியைக் கடிகாரத்தில் பாருங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, 45-இல் 1.33, 78-இல் 0.77. 'டக்' சத்தமோ சுருதி ஆட்டமோ சரியாக 1.8 விநாடிக்கு ஒரு முறை வந்தால் அது தட்டின் சுற்றோடு கட்டுண்டது: கீறல், நெளிவு, அல்லது மையம் விலகிய துளை. அதைவிட வேகமாக நடுங்கினால் பெல்ட், கப்பி, மோட்டார் பக்கம் பாருங்கள். ஒழுங்கே இல்லாமல் வந்தால் தூசி அல்லது நிலைமின்சாரம்.

"ம்ம்ம்" என்று ஓயாத இரைச்சல்

ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்கும் அளவில் வால்யூமை வையுங்கள். ஆம்ப்ளிஃபயரை வேறு இன்புட்டுக்கு மாற்றினால் சத்தம் நிற்கிறதா? நின்றால் டர்ன்டேபிள் பக்கம்தான் பிழை. கீழ்ச்சுருதியில் சீராக இருப்பது 50 ஹெர்ட்ஸ், எர்த் விட்டுப்போனதன் அடையாளம். கரகரவென்று கூர்மையாக இருந்தால் அது 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்; எர்த் சுற்று அல்லது மின்சாரத்தின் தரம்தான் காரணம்.

முதலில் டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயர் ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். டர்பன் கடற்காற்றில் அந்த முனை பச்சை பூத்துவிடும். கண்ணுக்கு மாட்டியிருப்பது போலத் தெரியும், மின்சாரம் போகாது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முறுக்குங்கள்.

எர்த் வயரை மாட்டியதும் இரைச்சல் கூடினால், எர்த்துக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயரோடு இணைந்த மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பும் டிஷ் ஆண்டெனா கேபிள் செருகிய டிவி பெட்டியும்தான் பெரும்பாலும் சிக்கும். ஆம்ப்ளிஃபயரின் மூன்று முள் பிளக்கிலிருக்கும் எர்த் முள்ளை மட்டும் எக்காரணத்துக்காகவும் துண்டிக்காதீர்கள். இரைச்சல் நிற்கலாம், ஆனால் உள்ளே ஒரு கம்பி விலகினால் உலோக உடல் முழுதும் 230 வோல்ட் ஏறும்.

காட்ரிட்ஜைத் தாங்கும் நீண்ட தண்டான ஆர்மைக் கையால் உள்பக்கம் நகர்த்தும்போது இரைச்சல் ஏறி இறங்கினால், மோட்டார் அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைக் காட்ரிட்ஜ் பிடிக்கிறது. ஆம்ப்ளிஃபயரை அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். மோட்டாரே காரணம் என்றால் காட்ரிட்ஜ் மாற்றுவதுதான் தீர்வு. ஒரு பக்கம் மட்டும் இரைந்தால் காட்ரிட்ஜின் நான்கு பின்களைப் பாருங்கள்: வெள்ளை இடது நேர், நீலம் இடது எதிர், சிவப்பு வலது நேர், பச்சை வலது எதிர்.

லோட் ஷெட்டிங் நேரத்தில் மட்டும் கரகரப்பு வருகிறதா? மலிவு இன்வெர்ட்டர்கள் படிக்கட்டு வடிவ அலையைத் தருகின்றன. அது ஆம்ப்ளிஃபயரில் கேட்கும், நேரடி ஏ.சி. மோட்டாரைச் சூடாக்கவும் செய்யும். முழு சைன் அலை தரும் இன்வெர்ட்டரில் போடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் வரும்வரை தட்டு உறையிலேயே இருக்கட்டும்.

சத்தம் குறைவு, அடித்தொனி இல்லை. அல்லது அடித்தொனி வீங்கி உடைகிறது

இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். தட்டு வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து, மேல்தொனியை உயர்த்தி வெட்டுகிறார்கள். 1954-க்குப் பின் இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்ற அளவு பொது முறையானது. அதை நேராக்குவதும், காட்ரிட்ஜின் 3 முதல் 5 மில்லிவோல்ட்டைப் பெருக்குவதும் ஃபோனோ ப்ரீஆம்ப்பின் வேலை. அது இல்லாமல் ஆக்ஸ் என்ற சாதாரண இன்புட்டில் செருகினால் ஒலி மெலிந்து கீச்சிடும். டர்ன்டேபிளுக்குள் ஒன்று, ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ இன்புட்டில் இன்னொன்று என்று இரண்டு முறை கடந்தால் வீங்கி உடையும். டர்ன்டேபிளின் பின்புறச் சுவிட்ச் லைனில் இருந்தால் கேபிள் ஆக்ஸுக்கு. ஃபோனோவில் இருந்தால் ஃபோனோ இன்புட்டுக்கு. மூவிங் காயில் (எம்.சி.) காட்ரிட்ஜ் என்றால் அதன் மின்னழுத்தம் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே போகும். அப்படியானால் எம்.சி. என்று குறித்த இன்புட்டே வேண்டும்.

பொரிவது போலச் சடசடப்பு

இதில் ஊருக்கு ஊர் காரணம் மாறும். டர்பனில் பூஞ்சை, ஜொகானஸ்பர்கில் நிலைமின்சாரம். மருந்தும் வேறு வேறு.

கடற்கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றில் ஈரம் நிற்கும். ஃபோன் டார்ச்சைத் தட்டின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். வெண்புள்ளிகளோ நூல் போன்ற கிளைகளோ தெரிந்தால் பூஞ்சை. காய்ந்த துணியால் துடைத்தால் அது பள்ளத்துக்குள் இறங்கும், அதன் வித்துகள் வீடெங்கும் பரவும்.

வினைல் தட்டுக்கு மட்டும் இந்தக் கலவை: வாலை நீர் (டிஸ்டில்டு வாட்டர்) 800 மி.லி., 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., மணமும் நிறமும் இல்லாத, ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் 5 துளி. கார் பாட்டரிக்கு ஊற்றும் தாது நீக்கிய நீரும் போதும்; புட்டியில் அமிலமோ வேறு எதுவுமோ கலந்ததாக இருக்கக் கூடாது. குழாய் நீர் வேண்டாம். காய்ந்ததும் அதிலுள்ள உப்பு பள்ளத்தில் தங்கி அதுவே புதிய சடசடப்பாகும்.

1. முகக்கவசம் அணிந்து, தட்டை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் மென்தூரிகையால் பூஞ்சையைத் தட்டிவிடுங்கள்.
2. லேபிளை ஒரு மூடியால் மறைத்துக்கொண்டு கலவையைத் தெளித்து ஒரு நிமிடம் ஊறவிடுங்கள்.
3. மைக்ரோஃபைபர் துணியாலோ மென்மயிர்த் தூரிகையாலோ பள்ளம் ஓடும் திசையிலேயே சுற்றித் தேயுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள்.
4. வெறும் வாலை நீரால் அலசுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் "கழுவியும் சத்தம் போகவில்லை" என்பார்கள். கரைந்த அழுக்கு அங்கேயே காய்ந்துவிடுகிறது.
5. தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிறுத்தி, நிழலில் முழுதும் காயவிடுங்கள்.

பழைய உள்ளுறையைத் தூக்கிப் போடுங்கள். அதில் இருக்கும் பூஞ்சை ஒரே மழைக்காலத்தில் தட்டுக்குத் திரும்பும். பாலித்தீன் உள்ளுறையே நல்லது; பி.வி.சி. உறை நாளடைவில் தட்டின் மேல் பனிப்படலம் போன்ற கறையை விடும். வெளி அட்டையை வெயில் படாத காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். 78 தட்டுக்கு ஆல்கஹால் இல்லாத வாலை நீரும் ஒரு துளி மென்சோப்பும் மட்டும். ஊறவிடாமல் உடனே அலசித் துடைத்துவிட வேண்டும்.

ஜொகானஸ்பர்கிலும் பிரிட்டோரியாவிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று உலர்ந்து கிடக்கும். தட்டைத் தூக்கும்போது விரிப்பும் கூட ஒட்டிக்கொண்டு வருகிறதா, விரலில் சுரீரென்கிறதா? அது நிலைமின்சாரம். சத்தம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வரும். கழுவினாலும் மறுநாள் திரும்பும். கம்பளி விரிப்பை எடுத்துவிட்டுத் தக்கை அல்லது ரப்பர் விரிப்பைப் போடுங்கள். கார்பன் தூரிகையை ஓரிரு சுற்று பிடித்து, எர்த் ஆன உலோகம் ஒன்றை மறுகையால் தொட்டுக்கொள்ளுங்கள். அறையில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தாலே தொல்லை வெகுவாகக் குறையும். அதே அறையில் டர்பன் அளவு ஈரத்தை உண்டாக்கிவிடாதீர்கள். அப்புறம் பூஞ்சைப் பகுதியை மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

எந்த ஊரானாலும் ஊசியைச் சுத்தம் செய்வது பின்னிருந்து முன்னுக்கு மட்டும். பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தால் ஊசித்தண்டு வளையும்.

சுருதி இறங்குகிறது, ஏறுகிறது, ஆடுகிறது

கர்நாடக இசைத் தட்டு ஒன்றில் தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். வேறெந்தக் கருவியும் இவ்வளவு இரக்கமில்லாமல் ஆட்டத்தைக் காட்டிக்கொடுக்காது.

தொடக்கம் முதல் முடிவு வரை சுருதி தாழ்ந்திருந்தால், கருவி அமெரிக்காவிலிருந்து வந்ததா என்று பாருங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றியே சுற்றும். அதனால் 33⅓ என்பது 27.8 ஆகிவிடும்; பாட்டு மூன்று சுரத்தானத்துக்கும் சற்று மேலாகக் கீழிறங்கும். 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மோட்டார் எரியாமல் காக்கும், வேகத்தைத் திருத்தாது. அது வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்கான பெரிய கப்பியை மாட்ட வேண்டும். குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவ் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவற்றுக்கு வோல்ட் சரியாக இருந்தால் போதும்.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். சுழல்மேடையின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒட்டி எண்ணுங்கள். 33⅓-இல் சரியாக 3 நிமிடத்துக்கு 100 சுற்று, 45-இல் 135. ஸ்ட்ரோப் தட்டு (வேகம் சரியென்றால் விளக்கொளியில் கோடுகள் நின்றது போலத் தெரியும் தாள்) அச்சிட்டுப் பயன்படுத்துவதானால் 33⅓-க்கு 180 கோடுகள் உள்ளதை எடுங்கள். 216 கோடுகள் உள்ளது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு உரியது. பெரும்பாலான எல்.இ.டி. விளக்கின் கீழ் கோடுகள் நிற்கவே நிற்காது. நியான் விளக்கோ பழைய குண்டு பல்போ வேண்டும். இன்வெர்ட்டர் ஓடும்போது அளக்காதீர்கள். அதன் 50 சரியான 50 தானா என்பது வேறு கேள்வி.

தொடக்கத்தில் மெதுவாகி, பத்து நிமிடத்தில் சரியாகிறதா? தாங்கியின் எண்ணெய் இறுகியிருக்கிறது. அச்சைத் துடைத்துவிட்டு, கையேடு சொல்லும் எண்ணெய் ஓரிரு துளி. வேகமாக நடுங்கினால் பெல்ட்டைக் கழற்றி, கப்பியையும் பெல்ட் ஓடும் விளிம்பையும் ஐசோபுரொப்பைலால் துடையுங்கள். பெல்ட் பளபளத்து வழுக்கினாலோ தொங்கினாலோ மாடல் எண் சொல்லிப் புதிது வாங்குங்கள்.

1.8 விநாடிக்கு ஒரு முறை ஆடினால், எதிரே குனிந்து ஆர்மைப் பாருங்கள். அது இடமும் வலமும் ஊசலாடினால் துளை மையம் விலகியிருக்கிறது. மேலும் கீழும் ஏறினால் தட்டு நெளிந்திருக்கிறது. பிப்ரவரி வெயிலில் காருக்குள் விட்டால் ஒரே மதியம் போதும், தட்டு நெளிந்துவிடும். அடுப்பில் சூடாக்கித் தட்டையாக்கும் வைத்தியத்தை மதிப்புள்ள தட்டில் செய்யவே செய்யாதீர்கள். தட்டு தட்டையாகும் வெப்பத்திலேயே பள்ளமும் இளகும்.

தாவுகிறது, ஒரே வரியைத் திரும்பப் பாடுகிறது

ஒரே இடத்தில் என்றால் அங்கே அழுக்கோ கீறலோ இருக்கிறது. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், கழுவுங்கள். இடம் மாறி மாறித் தாவினால் அமைப்பு தவறு. ரசமட்டம் வைத்துக் கருவியைச் சமன் செய்யுங்கள். ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, ஆர்ம் காற்றில் மிதக்கும்வரை பின் எடையைத் திருப்புங்கள். எண் வளையத்தைப் பூஜ்யமாக்கி, பிறகு காட்ரிட்ஜுக்கு உரிய கிராமுக்கு வாருங்கள்: வி.எம்.95.இ-க்கு 2.0, ஆர்ட்டஃபான் 2எம் ரெட்டுக்கு 1.8, ஏ.டி.3600எல்-க்கு 3.0 அளவில். ஆன்டி-ஸ்கேட்டிங்கை அதே எண்ணுக்கு வையுங்கள். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கிக்கொண்டால் சந்தேகமே இல்லை.

எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நடப்பது நேர்மாறு. எடை குறைந்த ஊசி பள்ளச் சுவரை விட்டு விலகி, மறுபடி மோதி வெட்டுகிறது. நிறுவனம் சொன்ன வரம்பின் மேற்பாதியே பாதுகாப்பு. தலையில் நாணயம் வைப்பது அடுத்த கோடி, அதையும் செய்யாதீர்கள். ஸ்பீக்கரும் ஆர்மும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மலிவு பிளேயர்களில் அழுத்தம் பெரும்பாலும் 5 கிராம் சுற்றி இருக்கும், மாற்றவும் முடியாது. அதில் ஆயாவின் தட்டை வைக்க வேண்டாம்.

யாராவது நடந்தால் தாவுகிறதென்றால் மரத்தளம் அசைகிறது. சுவரில் அறைந்த பலகைக்கு மாற்றுங்கள். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே அலமாரியில் இருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள்.

'ச', 'ஸ', 'ஷ' சீறுகின்றன. கடைசிப் பாட்டு கரகரக்கிறது

தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ.; லேபிள் அருகே 21 செ.மீ. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. சிறு கோணப் பிழையும் அங்கேதான் கேட்கும். ஊசியைச் சுத்தம் செய்து பாருங்கள். பிறகு அளவுத்தாள் வைத்து, மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரு புள்ளிகளிலும் காட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாக இருக்குமாறு திருப்புங்கள். ஒரு புள்ளியில் சரிசெய்தால் மற்றது விலகும். இரண்டுக்கும் போய்ப் போய் வர வேண்டும், அவசரப்பட வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் தங்கள் ஆர்முக்கென்றே வேறு அளவு தருவார்கள். டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200-க்கு ஊசி முனையிலிருந்து, காட்ரிட்ஜ் மாட்டும் தலையான ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையம் வரை 52 மி.மீ.

எல்லாம் சரியாக இருந்தும் சீறினால் ஊசி தேய்ந்திருக்கிறது. ஆடியோ-டெக்னிகா கணக்கில் உருண்டை முனைக்கு 500 மணி, நீள்வட்ட முனைக்கு 300, மைக்ரோ லீனியர் என்ற மெல்லிய விளிம்பு முனைக்கு 1000. வாங்கிய தேதியை ஹெட்ஷெல் பெட்டியில் எழுதி வையுங்கள். முன்னர் யார் ஓட்டினார் என்று தெரியாத கருவியோடு வந்த ஊசியைச் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது

ஆம்ப்ளிஃபயரில் இடம், வலம் பிளக்குகளை மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் மாறினால் பிழை டர்ன்டேபிளில். மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ. டர்ன்டேபிள் என்றால் ஹெட்ஷெல்லின் நான்கு தொடுபுள்ளிகளைத் துடைத்து, பின்களின் கிளிப்புகளை மெல்ல இறுக்குங்கள். பத்துக்கு எட்டு அங்கேயே தீரும்.

எல்லாம் செய்தும் சீற்றம் அடியில் நிற்கிறது

கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நல்ல எல்.பி.யின் ஒலி வீச்சு 60 முதல் 70 டெசிபல், சி.டி. 96. வினைலை விரும்புவதற்கு அதைச் சி.டி.யைவிடத் துல்லியமானது என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை. உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதும் கேட்கவைப்பதும், அன்று வெட்டிய அச்சிலிருந்தே கேட்பதும் போதுமான காரணங்கள்.

பழைய தமிழ்ச் சினிமாத் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. ஆம்ப்ளிஃபயரின் மோனோ சுவிட்சைப் போடுங்கள். ஊசி மேலும் கீழும் அசைவதால் வரும் இரைச்சல் ரத்தாகி, குரல் முன்னே வரும். சுவிட்ச் இல்லையென்றால் பதிவு செய்த பிறகு இரு பக்கத்தையும் மென்பொருளில் சேர்த்துவிடலாம். அப்படியும் கரகரத்தால் உங்கள் ஊசி தொடும் ஆழத்தில் பள்ளச் சுவர் முன்பே தேய்ந்துவிட்டது. மைக்ரோ லீனியர் போன்ற வேறு வடிவ முனை பள்ளத்தின் தேயாத பகுதியைத் தொடும். நண்பரிடம் இருந்தால் வாங்கும் முன் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பிரதி கிடைக்காத தட்டு என்றால், கழுவி, புது ஊசியில், முதல் ஓட்டத்திலேயே டிஜிட்டலில் எடுத்துவிடுங்கள்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாத அளவு. சத்தம் நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பின் மேல் ஓட்டாமல் நகலின் மேல் ஓட்டுங்கள். லேபிளின் இரு பக்கத்தையும், பாட்டு முடிந்து லேபிள் வரை வரும் ஓடுபள்ளத்தில் கீறிய அச்சு எண்ணையும் படமெடுத்து அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.